சூட்டுப் பெட்டியில் வைக்காத ஒப்டோ

சென்ற மாதம் நான் முன்பு வேலை செய்த தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண் பொறியியலாளர் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக வாங்கும் ஒப்டோ வருவது நின்றுவிட்டதாம். அதே அளவில், அதே கால்களோடு இன்னொன்றைக் கொழும்பில் ஒரு வியாபாரி காட்டியிருக்கிறார்.

"அங்கிள், ரெண்டு டேட்டா ஷீற்றையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தன். எல்லாம் ஒண்டுதான். போடலாமோ?"

அதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது என்றேன்.

"அப்ப எழுதித் தாங்கோ. இங்கை எல்லாருக்கும் வாசிக்கக் குடுக்கிறன்."

நடைமுறைகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி முடித்து வாசித்தபோது, நான் அவற்றை எப்போதும் கடைப்பிடித்தவன் போல அது தொனித்தது. கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒப்டோ என்பது சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புச் சில்லு. அதற்குள் ஒரு பக்கம் ஒரு சிறு விளக்கு. மறுபக்கம், அந்த வெளிச்சத்தைக் கண்டால் மின்னோட்டத்தை விடுகிற ரான்சிஸ்டர். இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது, வெளிச்சம் மட்டும்தான் போகும். இந்தப் பக்கம் இருநூற்று முப்பது வோல்ற் நின்றாலும் அந்தப் பக்கத்து ஐந்து வோல்ற் சுற்றுக்குச் செய்தி போய்ச் சேரும், மின்சாரம் போகாது. விளக்குப் பக்கம் நூறு பங்கு ஓட்டம் கொடுத்தால் மறுபக்கம் எத்தனை பங்கு வருகிறது என்பதுதான் அதன் திறன். சூட்டில் அது குறையும். வருடக்கணக்கில் ஓடினாலும் குறையும். எவ்வளவு குறையும் என்பது செய்தவன் கையைப் பொறுத்தது. கறுப்புத் தோலைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

நான் யாழ்ப்பாணத்தவன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். படிப்பு முடிந்ததும் பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில் ஒரு சிறு தொழிற்சாலையில் சேர்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டு அட்டைகளைச் செய்யும் இடம். ஒரு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு வந்தவன், முப்பத்தொரு வருடம் அங்கேயே இருந்தேன். நல்ல வேலை, நல்ல மனிதர்கள். மழைக்காலத்தில் யன்னலைத் திறந்தால் ஈயப் புகையின் மணத்தோடு ஈர மண்ணின் மணமும் சேர்ந்து வரும். அந்த வருடங்களில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை, ஒன்பது நாட்களைத் தவிர.

எங்கள் பிரதம பொறியியலாளர் ஏக்கநாயக்க சேர். கண்டிக்காரர், உயரமானவர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் பேச்சு ஆங்கிலமும் சிங்களமும் கலந்தது. இங்கே தமிழில் தருகிறேன். அளவீட்டுத் தாளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தால், முதலில் எண்கள் இருக்கும் பகுதியை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். பிறகு கேட்பார்: "எப்படி அளந்தாய்?" எந்த மீற்றர், எத்தனை மில்லி அம்பியர், என்ன சூடு, எத்தனை துண்டுகள், எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் கையை எடுப்பார். எண் நன்றாக இருந்தால் அளந்த விதத்தை மறந்துவிடுவோம் என்பது அவருடைய பயம். இரண்டு தடவை என்னைப் பாதியில் திருப்பி அனுப்பியிருக்கிறார், எண்ணைப் பார்க்காமலே.

தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்த வருடம் அவர் வீட்டின் பின் அறையில் ஆறு நாள் ஒளிந்து இருந்தேன். அவருடைய மனைவி சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஏழாம் நாள் அவரே என்னைத் தன் காரில் வேலைக்குக் கூட்டிவந்தார். மேசையில் உட்கார்ந்ததும், "அந்த மூன்றாம் இலக்க அட்டை என்னவாயிற்று?" என்றார். அதன் பிறகு அந்த ஆறு நாட்களைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

மாற்று ஒப்டோ ஒன்றை ஏற்க அவர் வைத்திருந்த முறை இதுதான். முதலில், திறனை நம் சுற்றில் ஓடுகிற அதே ஓட்டத்தில் அளக்க வேண்டும். டேட்டா ஷீற்றில், அதாவது செய்தவன் தரும் விவரத் தாளில், போட்டிருக்கும் ஓட்டம் அவனுக்கு வசதியானது. அடுத்தது சூட்டுப் பெட்டி. அது பெரிய பிஸ்கற் தகரம், உள்ளே பஞ்சு ஒட்டி, ஒரு பல்பும் வெப்பமானியும் வைத்தது. எழுபது பாகையில் இரண்டு மணி நேரம் வைத்து, உள்ளே இருக்கும்போதே அளக்க வேண்டும். வெளியே எடுத்து அளந்தால் பொய் சொல்லும். மூன்றாவது, இந்தப் பக்கத்துக் கால்களை ஒன்றாகக் கட்டி, அந்தப் பக்கத்துக் கால்களையும் ஒன்றாகக் கட்டி, இடையே உயர் வோல்ற் ஒரு நிமிடம். பொறி பறந்தால் குப்பைக்கு. ஐந்து துண்டுகளும் மூன்றிலும் தேற வேண்டும். தேறினால் தடித்த மாற்றுப் புத்தகத்தில் எழுதி, அளந்தவர் கையொப்பம் இடுவார். அதற்குப் பிறகுதான் அட்டையில் ஏற்றலாம்.

போர் நாட்களில் எலக்ட்ரோனிக் சாமான்களை இறக்குமதி செய்ய அனுமதிக் கடிதங்கள் வேண்டியிருந்தன. அவை மாதக்கணக்கில் வராது. பையில் பத்து ரான்சிஸ்டரோடு பஸ்ஸில் போனாலும் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டும், பெயர் தமிழ்ப் பெயராக இருந்தால் இரண்டு தடவை. அப்படி ஒரு சமயத்தில் எங்கள் வழக்கமான ஒப்டோ தீர்ந்துவிட்டது. தேயிலையைக் காயவைக்கும் ட்ரையர் இயந்திரங்களுக்கான இருபத்தாறு அட்டைகள் அது இல்லாமல் மேசையில் கிடந்தன.

அக்குறணையில் ஹனீபா நாநாவின் கடைக்குப் போனேன். வானொலி, கசற் றெக்கோடர் திருத்தும் சாமான்கள் விற்பவர். கண்ணாடி அலுமாரிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் கையில் தந்தார்.

"நீங்க கேக்கிறது இல்ல சேர். ஆனா இது அதுட தம்பி. ஒரே உம்மா."

"வாப்பா?" என்று தகப்பனைப் பற்றிக் கேட்டேன்.

"அத நான் எப்படிச் சொல்ல?" என்று சிரித்தார். "கொண்டு போய்ப் பாருங்க. சரிவராட்டி திருப்பித் தாங்க. ஆனா கால மட்டும் வெட்டிப் போடாதீங்க."

முதல் சோதனையில் தம்பி நன்றாகவே தேறினான். நூற்றுக்கு எண்பத்திரண்டு. எங்கள் அட்டைக்கு ஐம்பது போதும். உயர் வோல்ற்றும் தாங்கினான். மிச்சம் சூட்டுப் பெட்டி. அது வரட்சிக் காலம், நீர்த்தேக்கங்கள் வற்றி நாள்தோறும் மின்வெட்டு. ஜெனரேற்றர் உற்பத்தி மேசைகளுக்கு மட்டும்தான். பெட்டி எழுபதைத் தொட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், மின்சாரம் நின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. பழைய ஒப்டோவின் தாளில், சூடு ஏற ஏறத் திறன் எவ்வளவு குறையும் என்று காட்டும் வளைகோட்டை எடுத்தேன், எண்பத்திரண்டை அதில் ஓட்டினேன், ஐம்பத்தெட்டு வந்தது. அதைச் சூட்டு அளவீடு என்ற நிரலில் எழுதிக் கையொப்பம் இட்டேன்.

அளக்காத எண்ணை அளந்த எண்ணாக எழுதினேன். இதற்கு வேறு பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அண்ணனின் வளைகோட்டில் தம்பியை ஓட்டியது படிக்காதவன் செய்யக்கூடிய பிழையல்ல. வளைகோடு வாசிக்கத் தெரிந்த ஒருவனால்தான் அதைச் செய்ய முடியும். ஏக்கநாயக்க சேர் அன்று அனுமதி விடயமாகக் கொழும்புக்குப் போயிருந்தார். என் தாளை மூட அங்கே கை இல்லை. இருபத்தாறு அட்டைகளும் போயின.

ட்ரையரில் அந்த ஒப்டோவின் வேலை சிறியது. 'விசிறி ஓடுகிறது' என்ற செய்தியை அட்டைக்குக் கொண்டுபோவது. செய்தி வராவிட்டால், விசிறி நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு அட்டை ட்ரையரை நிறுத்தும். தீப்பிடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. இரண்டு மாதம் ஒரு முறைப்பாடும் வரவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை மடுல்கெல்லப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டீமேக்கர், அதாவது அங்கே தேயிலை உற்பத்திக்குப் பொறுப்பானவர், பேசினார். அவருடைய ட்ரையர் மூன்று வாரமாக அடிக்கடி நின்று, பாதி காய்ந்த தேயிலை கெட்டுப்போனதாம்.

"ஆனா நீங்க ஆள் அனுப்ப வேணாம். காரணத்தக் கண்டுபுடிச்சிட்டோம்" என்றார். "ட்ரையர்ல நிக்கிற ராமையாங்கிற ஆளோட வேல. அவன் முறையிலதான் நிக்குது, காலைல நிக்கிற ஆளுக்கு ஒருநாளும் நிக்கல. லயத்துல அவன் வீட்டத் தேடுனா, சண்ட நடக்குற பக்கம், வவுனியாவுலேருந்து மச்சான் எழுதுன கடுதாசி இருக்கு. சனிக்கிழம பொலிஸ் புடிச்சிட்டுப் போயிருச்சு."

"ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு நிண்டது?"

"மூணு மணி வாக்குல. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் மூன்று மணி. தகரக் கூரையில் நாள் முழுக்க விழுந்த வெயிலும் அடுப்புச் சுவரின் சூடும் கட்டுப்பாட்டு அட்டை இருக்கும் தகரப் பெட்டிக்குள் சேரும் நேரம். தொலைபேசியை வைத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு துண்டுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்தேன். அன்று மின்சாரம் நிற்கவில்லை. ஒன்று நாற்பத்தாறு, மற்றது நாற்பத்துநாலு. புதுத் துண்டே இப்படியென்றால், இரண்டு மாதம் அடுப்புப் பக்கம் கிடந்தது இன்னும் கீழே போயிருக்கும். எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் அந்தத் தாள் ஒரு சட்டையிலிருந்து இன்னொரு சட்டைக்கு மாறியது. யாழ்ப்பாணத்துத் தமிழன் ஒருவன் இருபத்தாறு தேயிலைத் தொழிற்சாலைகளில் கெட்ட சாமானை வைத்தான் என்றால், அந்த நாட்களில் யார் அதைப் பிழை என்று எடுத்திருப்பார்கள்? இதைச் சொன்னால் கேட்பவர்கள் தலையசைப்பார்கள். பல வருடங்கள் இதையே காரணமாகச் சொல்லியும் வந்தேன். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஏக்கநாயக்க சேர் என் தாளை மூடிக்கொண்டு "எப்படி அளந்தாய்?" என்று கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு மனிதன் பொலிஸ் கூண்டுக்குள் இருக்க, என்னைத் தடுத்தது இதுதான். அந்த ஒன்பது நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டேன், நித்திரையும் கொண்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

பத்தாம் நாள் காலை வாசலில் ஒரு பெண் வந்து நிற்பதாகக் காவலாளி சொன்னார். ராமையாவின் மனைவி காமாட்சி. மூன்று பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கொப்பித் தாள் ஒன்றை நீட்டினார்.

"இது அவரு எழுதி வச்சதுங்க. பொலிசுல காட்டுனோம், வாங்கிப் பாக்கவே இல்ல. மெசினு செஞ்சவங்ககிட்ட கொண்டு போய்க் காட்டுன்னு சொல்லி அனுப்புனாரு."

பென்சில் எழுத்து. நாள், நேரம், பக்கத்தில் ஒரு சொல். மூன்று மணி ஐந்து, வெயில். மூன்று பத்து, வெயில். இரண்டு ஐம்பது, கடும் வெயில். அடுத்த வரியில்: மழை, நிக்கல. அதற்கடுத்தது: மூடி கழட்டி வச்சேன், நிக்கல. அதுவரை என் மேசைக்கு வந்த சோதனைத் தாள்களில் அதைவிடச் சுத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

"ஐயாவுக்கு இது வெளங்குதுங்களா?"

"ஓம், விளங்குது."

"எதனால நின்னுச்சுன்னு தெரியுதுங்களா?"

"தெரியுது."

"அப்ப ஏன் ஐயா ஒக்காந்திருக்கீங்க?"

எழுந்தேன். அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஏக்கநாயக்க சேரின் அறைக்குப் போனேன். மாற்றுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, அதன்மேல் என் மடித்த தாளையும் ராமையாவின் தாளையும் வைத்தேன். அவருடைய கை வழக்கம்போல் எண்களின் மேல் வந்தது.

"எப்படி அளந்தாய்?"

"நான் அளக்கவில்லை, சேர்."

அவர் கையை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மின்வெட்டு, வளைகோடு, ஐம்பத்தெட்டு, டீமேக்கரின் அழைப்பு, நாற்பத்தாறு. அட்டைகளைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்த மனிதன் எத்தனை நாளாக உள்ளே?"

"பதினொரு நாள்."

"உனக்குத் தெரிந்து?"

"ஒன்பது."

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கலவரத்து ஆறு நாட்களை அவர் அப்போது நினைத்தாரோ தெரியாது. நான் நினைத்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "சூட்டுப் பெட்டியை வான் வண்டியில் ஏற்று" என்றார். "மிச்சத் துண்டு ஒன்றை ஏற்றி ஓர் அட்டையும் எடு. ட்ரையருக்குப் பதிலாக ஒரு பல்பு போதும்."

காமாட்சியை முன் ஆசனத்தில் ஏற்றினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் இருந்தேன். பொலிஸ் நிலைய வாசலில், வயர்கள் தொங்கும் தகரப் பெட்டியோடு ஒரு தமிழன் இறங்குவதைக் கண்ட காவலர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கத்தினார்.

"பிஸ்கற் தகரம்" என்றார் ஏக்கநாயக்க சேர் சிங்களத்தில், குடையை மடக்கியபடி. "பிஸ்கற் இல்லை. பொறுப்பதிகாரியைக் கூப்பிடுங்கள்."

பொறுப்பதிகாரி முதலில் எரிச்சற்பட்டார். பிறகு, பகல் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததாலோ என்னவோ, தன் மேசைப் பிளக்கைத் தந்தார். அட்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். வெளியே பல்பு எரிந்தது. "இந்தப் பல்புதான் ட்ரையர்" என்று சேர் விளங்கப்படுத்தினார். வெப்பமானி ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பொறுப்பதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு கொன்ஸ்டபிள்கள் வாசலில் வந்து நின்றார்கள். அறுபத்தாறு பாகையில் அட்டையில் இருந்த ரிலே என்ற சுவிட்ச் 'டக்' என்றது, பல்பு அணைந்தது.

"யார் தொட்டது?" என்றார் பொறுப்பதிகாரி.

"யாரும் தொடவில்லை. அதைக் காட்டத்தான் வந்தோம்" என்றார் சேர். மூடியைத் திறக்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் பல்பு தானாகவே எரிந்தது. கொன்ஸ்டபிள்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

"அப்படியானால் இது யாருடைய பிழை?"

"எங்கள் நிறுவனத்தின் பிழை. எழுதித் தருகிறேன்" என்று சேர் என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கேயும் திறக்கவில்லை.

முறைப்பாடு கொடுத்திருந்த தோட்டத்துத் துரை, அதாவது முகாமையாளர், வந்து முறைப்பாட்டை வாபஸ் வாங்க மறுநாள் ஆயிற்று. ராமையா வீட்டுக்குப் போனார்.

சேர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இருபத்தாறு இடங்களுக்கும் நானே போய், ஒப்டோவை நானே கழற்றி மாற்ற வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் காரணத்தை என் வாயால் சொல்ல வேண்டும் என்றார். புத்தகத்தில் என் ஐம்பத்தெட்டை அழிக்க விடவில்லை. அதன் கீழே சிவப்பு மையால் நாற்பத்தாறை எழுதச் சொன்னார்.

முதலில் ராமையாவிடம் போனேன். என் வயதுதான் இருக்கும், மெலிந்த மனிதர். இடது கண்ணுக்குக் கீழே ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கு வருகிற ஒருவரை ஒரு கோப்பை தேநீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். அன்று ஒருவரும் தரவில்லை. அதற்குள் அனுமதி கிடைத்து வந்திருந்த வழக்கமான ஒப்டோவை ஈயம் வைத்து ஒட்டி முடித்துவிட்டுச் சொன்னேன்.

"ராமையா, இது என்ர பிழை. சோதிக்காமல் கையொப்பம் வைச்சது நான்தான். நீங்கள் உள்ளுக்கை இருக்கிறது தெரிஞ்சும் ஒன்பது நாள் பேசாமல் இருந்தனான்."

அவர் ட்ரையரின் வாயில் விழுகிற தூளைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒம்பது நாளுங்களா?"

"ஓம்."

"நான் உள்ள இருந்தது பன்னெண்டு. அப்ப மொத ரெண்டு நாளும் கடசி நாளும் ஒங்களுது இல்ல. மத்ததெல்லாம் ஒங்களுது." தூளைக் கீழே போட்டார். "அடிச்சது நாலாம் நாளு."

புறப்பட எழுந்தேன்.

"எங்க போறீங்க? மூணு மணி ஆகட்டும். அப்பதானே தெரியும்."

இருந்தேன். மூன்று மணிக்கு நிற்கவில்லை. மூன்றரைக்கும் நிற்கவில்லை. நாலு மணிக்கு அவர் பெட்டியின் தகரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒங்க பெட்டி பிஸ்கட்டு டின்னுதானே? அடுத்த வாட்டி சாமான் மாத்துறப்போ இங்க குடுத்து அனுப்புங்க. இங்க கரண்டு போனாலும் சூடு போகாது."

குத்தலாகத்தான் சொன்னார். அதை அப்படியே ஏக்கநாயக்க சேரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாற்றுப் புத்தகத்தை எடுத்து, அடிமட்டம் வைத்துப் புதிதாக ஒரு நிரல் கீறினார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாற்று ஒப்டோவும் சூட்டுப் பெட்டியில் தேறிய பிறகு, பல்பு வைத்த சோதனை அட்டை ஒன்றில் ராமையாவின் அடுப்புச் சுவருக்குப் போய் ஒரு மாதம் இருந்தது. அவர் கையொப்பம் இல்லாமல் எதையும் விற்கும் அட்டையில் ஏற்றவில்லை. அதற்காக ராமையாவுக்கு ஒரு படிப்பணத்தைச் சேர் எப்படியோ ஏற்பாடு செய்தார். பதினேழு வருடம் அப்படி நடந்தது. எங்கள் வேலையில் நான் மிகவும் நம்பியது அந்த நிரலைத்தான்.

அப்படி அனுப்பிய முதல் ஒப்டோ போய் மூன்று வாரத்தில் திரும்பிவிட்டது. கூடவே தேயிலைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் தமிழில் நாலு வரி. சேர் அதை என்னிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் முதலில் தமிழிலேயே வாசித்தேன்.

"செவ்வாய் மூன்று மணி பத்துக்கு நின்றது. புதன் மூன்று மணிக்கு நின்றது. ஆளைப் பிடிக்க வேண்டாம். சாமானை மாற்றவும்."

"என்ன அர்த்தம்?" என்றார்.

ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, அவர் பேனையைத் திறந்து என் கையில் தந்தார்.

"ஒரு சொல்லும் விடாமல் புத்தகத்தில் எழுது. தமிழிலேயே எழுது."